மூலநிரலினின்று எழுந்த பாராவியூ

கணக்கீட்டின் எண்களை உருவமாக்கிக் காட்டும் ‘பாராவியூ’ என்னும் மென்பொருளை யாமே மூலநிரலினின்று கட்டமைக்கத் துணிந்தோம். கிட்வேர் நிறுவனத்தாரும் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தாரும் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இதனை ஆயத்தமாகவே பெறலாம். ஆயினும் எமது கணினித் தொகுதியின் எம்.பி.ஐ.யோடு அஃது இசைந்திலது. ஆய்வேட்டை ஒப்படைக்கவோ பத்து நாட்களே இருந்தன.

முதல் நாள் சீமேக் இடையில் நின்றது. வி.டி.கே. அடைவு வெறுமையாய்க் கிடந்தது! துணைக்களஞ்சியங்களையும் உடன் கொணருமாறு கட்டளையிட மறந்தோம், பிழை எம்முடையதே. மறுநாள் எட்டுக் கோப்புகளை ஒருங்கே தொகுக்கப் புகுந்தோம். பேராசையன்றோ? நினைவகம் நிரம்பித் தொகுப்பி மாண்டது. பிழைச்செய்தியோ காரணத்தை உரைத்திலது. இரண்டிரண்டாகக் குறைத்தபின், இரவெல்லாம் மெல்ல ஊர்ந்தது.

வைகறையில் எமது ஓராண்டு எண்கள் காற்றோட்டமாய்த் திரையில் எழுந்தன. ஒரு சுழல் மட்டும் எதிர்த்திசையிற் சுழன்றது. சமன்பாட்டில் யாம் குறியொன்றைப் பிழையாக இட்டிருந்தமையை அப்பொழுதே உணர்ந்தோம். அன்று காலையே கணக்கீட்டை மீண்டும் தொடங்கினோம்.