குழாயின் உள்பக்கம்

வெல்டர்கள் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு காட்டும் படம் ஒன்று உண்டு. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்பின் மேல் சீராக அடுக்கிய கேப்பிங் எனும் கடைசி வெல்டிங் அடுக்கு, அதில் பொன், ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த நிறமெல்லாம் சூட்டோடு இருந்த உலோகத்தை ஆக்சிஜன் தொட்டதற்கான தடம். வெள்ளி நிறமோ இளம் வைக்கோல் நிறமோ இருந்தால் நல்ல வேலை. நீலம் வந்தால் யோசிக்க வேண்டும். சாம்பலும் கறுப்பும் வந்துவிட்டால், துருவைத் தடுக்கிற குரோமிய ஆக்சைடு படலம் அந்த இடத்தில் கெட்டுப்போயிற்று. மேல்பக்கம் என்றால் பிக்ளிங் பேஸ்ட் தடவிக் கழுவிவிடலாம். உள்பக்கத்துக்கு என்ன செய்வது? பாலோ மருந்தோ அமிலமோ ஓடப்போவது அங்கேதானே.

நான் தொழில் பழகியது திருச்சிக்கு அருகே துவாக்குடிப் பக்கம். 1960-களில் பெல் கொதிகலன் ஆலை வந்தபின், திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை பட்டறைகள் பெருகின. 1975-இல் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் திருச்சிக்கு வந்தது. எம்.எஸ். (சாதாரண எஃகு) பைப்பில் நல்ல கை உள்ளவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. அவர்களிலும் சிலர் எஸ்.எஸ். என்றால் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். குறை கையில் இல்லை. ஆர்க் அடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகளை அவர்கள் ஹெல்பரிடம் விட்டிருப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஆரம்பத்தில் டார்ச்சையே தரவில்லை. "டார்ச்ச யாரு வேணாலும் பிடிச்சிரலாம் தம்பி. மொதல்ல டேப் ஒழுங்கா ஒட்டு" என்பார்.

டேப் ஒட்டுவது பர்ஜிங்குக்காக. ரூட், அதாவது முதல் அடுக்கு, அடிக்கும்போது குழாயின் உள்ளே காற்று இருந்தால், உருகி உள்ளே இறங்கும் உலோகம் கருகிய சர்க்கரைப் பாகு போலப் பொரிந்து உறையும். அந்தச் சொரசொரப்பில் அழுக்கு தங்கும், கிருமி தங்கும், அரிப்பு தொடங்கும். அதனால் ஜாயின்ட்டின் இருபுறமும் ஸ்பாஞ்சோ அட்டையோ வைத்து அடைத்து, வெளியே இடைவெளியைச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே ஆர்கானை நிரப்புகிறோம். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கீழிருந்து விட்டால் அது காற்றை மேலே தள்ளிக்கொண்டு எழும், ஆகவே வெளியேறும் ஓட்டை மேலே இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் விடுவது என்பதில்தான் பட்டறைக்குப் பட்டறை சண்டை. 4 அங்குல, ஷெட்யூல் 10 பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 9 லிட்டர் காற்று இருக்கிறது. அதைப்போல் ஐந்தாறு மடங்கு ஆர்கான் உள்ளே போனால்தான் ஓரளவு சுத்தமாகும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். இதற்குப் பொறுமையில்லாதவர்கள் வெளியேறும் ஓட்டையில் லைட்டரைக் காட்டுவார்கள். தீ அணைந்தால் "பர்ஜ் ஆயிருச்சு" என்பார்கள். இந்தச் சோதனையை நான் மதிப்பதில்லை. ஆக்சிஜன் 15 சதவீதத்துக்கு இறங்கினாலே லைட்டர் தீ தடுமாறி அணைந்துவிடும். 15 சதவீதம் என்றால் 1,50,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு). நமக்கு வேண்டியதோ 50 பிபிஎம்முக்குக் கீழே. ஆக்சிஜன் மீட்டர் ஒன்றுதான் இதைச் சொல்லும்.

பைப்புகளைப் பொருத்தும் ஃபிட்டப்பிலும் எஸ்.எஸ். தனி ரகம். எம்.எஸ்.ஸைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஓரிடத்திலேயே நின்று பைப்பை இழுக்கும், தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் டாக் சரியில்லாவிட்டால் இடைவெளி மூடிக்கொள்ளும். எம்.எஸ்.ஸில் தேய்த்த கிரைண்டிங் டிஸ்க்கையோ இரும்பு பிரஷ்ஷையோ இதன் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள் சில நாளில் துருப்புள்ளியாகத் தெரியும். பெயரிலேயே துருப்பிடிக்காத எஃகு, இதற்கு இவ்வளவு ஆச்சாரம்.

இத்தனைக்கும் பிறகு டார்ச் கைக்கு வருகிறது. டங்ஸ்டனை நீளவாட்டில் தீட்ட வேண்டும், குறுக்கே தீட்டினால் ஆர்க் அலையும். சிவப்பு முனையுள்ள டங்ஸ்டனில் தோரியம் இருக்கிறது. லேசான கதிரியக்கம் உள்ள அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது என்பதால் நான் லாந்தனம் கலந்ததுக்கு மாறிவிட்டேன். 304எல் பைப் என்றால் 308எல் ஃபில்லர் கம்பி, 316எல்லுக்கு 316எல். ஷெட்யூல் 10-இல் 70, 80 ஆம்பியரில் ரூட் இறங்கும். தொடப்போகும் இடத்தில் மட்டும் டேப்பை உரித்துக்கொண்டே நகர வேண்டும். இடைவெளியின் இரு ஓரமும் உருகிச் சின்னத் துவாரம் திறக்கும், அதற்குள் ஃபில்லர் இழுபட்டுப் போகும். இந்த டிக் வெல்டிங்கில் தீப்பொறி கிடையாது, அலறல் கிடையாது. கண்ணாடிக்குள் உருகிய உலோகக் குட்டை மட்டும் மினுங்கும். அந்த நேரத்துக்காகவே இந்த வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

பழகுகிறவர்கள் ஃபில்லரைச் சட்டென்று வெளியே இழுத்துவிடுவார்கள். ஆர்கான் திரையை விட்டு வெளியே வந்த சூடான முனை ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த சொட்டில் அந்த அழுக்கும் சேர்ந்து இறங்கும். ஆர்க்கை நிறுத்தியதும் டார்ச்சைத் தூக்குவதும் அப்படித்தான். ஆர்க் நின்றபின்னும் டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் (போஸ்ட் ஃப்ளோ) நிற்கும்வரை கை அங்கேயே இருக்கட்டும். கடைசி அங்குலத்தில் பர்ஜ் அளவைக் குறைக்க மறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் தங்கினால் ரூட்டை வெளியே தள்ளிக் குழிவாக்கிவிடும். ரூட் முடிந்ததும் பர்ஜை நிறுத்துவது இன்னொரு அவசரம். ரூட்டுக்கு அடுத்த அடுக்கான ஹாட் பாஸ் முடியும்வரையாவது ஓட வேண்டும். ஒவ்வொரு பாஸுக்கும் நடுவே பைப் 150 டிகிரிக்குக் கீழே ஆற வேண்டும்.

6ஜி, அதாவது 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் கனவு. அது வேண்டியதுதான். எக்ஸ்ரேயிலும் பெண்ட் டெஸ்டிலும் பாஸாகிச் சான்றிதழும் வாங்கலாம். ஆனால் எக்ஸ்ரேயில் உள்பக்க நிறம் தெரியாது.

பர்ஜே வேண்டாம் என்று ஃப்ளக்ஸ் உள்ள டிக் ராடுகளும் கடையில் கிடைக்கின்றன. சில இடங்களுக்கு அவை சரி. உள்ளே கசடு விடும் என்பதால் பால், மருந்து லைனுக்கு ஆகாது.

பழக வரும் தம்பிகளுக்கு இரண்டு சொல்வேன். அடித்த ஜாயின்ட்டை அவ்வப்போது நெடுக்காக அறுத்து உள்ளே பாருங்கள். மேலே எப்படி இருந்தாலும் மார்க் அதற்குத்தான். அடுத்தது உயிர் விஷயம். ஆர்கானுக்கு வாசனை கிடையாது, பள்ளத்திலும் டேங்கிலும் அடியில் தேங்கும், மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும். பர்ஜ் செய்த பெரிய பைப்புக்குள் மீட்டர் வைத்து ஆக்சிஜன் பார்க்காமல் தலையை விடாதீர்கள். முதலாளி மீட்டர் வாங்கித் தரவில்லை என்றால், தரும்வரை உள்ளே இறங்க மறுத்துவிடுங்கள்.