உதட்டில் ஒரு துளை

நம் வீடுகளில் காது குத்துவதென்றால் அது ஒரு வைபவம். தாய்மாமன் மடி, ஆசாரியின் கையில் தங்கக் கம்பி, அழுகை அடங்குவதற்குள் பந்தி. மூக்குக் குத்துவதும் நமக்குப் புதிதன்று. ஆயினும் சென்ற ஆண்டு என் மகள், கீழுதட்டில் துளையிட்டு நகை அணியப் போவதாகச் சொன்னபோது, எனக்கு ஒரு கணம் பேச்சே எழவில்லை.

அவளுக்கு வயது 23. சொந்தமாகச் சம்பாதிக்கிறாள். “அம்மா, நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் குத்திக்கொள்ளத்தான் போகிறேன். வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்” என்றாள். மூன்று நாள் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். நான்காம் நாள் அவளுடன் செம்பூரிலிருந்து பாந்திராவுக்குப் புறப்பட்டேன். நம் சங்கத்துச் சகோதரிகள் இருவர், தங்கள் பெண்களும் இதே பிடிவாதம் பிடிப்பதாகச் சொல்லி என்னிடம் விவரம் கேட்டார்கள். ஆதலால் கண்டதை எழுதுகிறேன்.

கடை என்று நினைத்துப் போனேன். அது ஒரு சிறு ஆஸ்பத்திரி அறைபோல் இருந்தது. குத்துபவர் ஓர் இளைஞர். வயதுக்கு அத்தாட்சி கேட்டார், கையொப்பம் வாங்கினார், கைகளைக் கழுவிப் புதிய கையுறை அணிந்தார். நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கிய உறையை எங்கள் கண்ணெதிரே கிழித்து, உள்ளே துளையுள்ள ஊசி ஒன்றை எடுத்தார். ஒருவருக்கு ஒரே ஊசி. பிறகு அது குப்பைக்கு. துப்பாக்கி போன்ற கருவியால் குத்துவோரிடம் உதட்டைக் கொடுக்கவே கூடாது என்றார். அது சதையை நசுக்குமாம். முழுவதும் சுத்தம் செய்யவும் இயலாதாம்.

மையால் ஒரு புள்ளி வைத்துக் கண்ணாடியில் காட்டினார். அவள் தலையசைத்தாள். ஊசி நுழைந்ததும் தெரியவில்லை, வெளிவந்ததும் தெரியவில்லை. அவள் கண்ணில் நீர் துளிர்த்தது, ஆனால் கத்தவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தவள் நான்தான்.

போட்ட நகை டைட்டானியத் தண்டு. உள்ளே தட்டையான வில்லை, வெளியே சிறு குண்டு. தண்டு வேண்டுமென்றே நீளமாக இருந்தது. உதடு வீங்கும், அதற்கு இடம் வேண்டும் என்றார் அவர். வீங்கியும் விட்டது. மறுநாள் காலை அவள் முகத்தைப் பார்த்தபோது, குளவி கொட்டினாற்போல் இருந்தது. அந்த முதல் சில நாட்களில் ரசமில்லை, ஊறுகாயில்லை, சூடான காப்பியுமில்லை. என் மாமியார் தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தார். ஒவ்வொரு முறை உண்ட பிறகும், சாராயம் கலவாத வாய்கழுவும் மருந்தால் கொப்பளிக்க வேண்டும். வெளிப்புறத்தை, மருந்துக்கடையில் விற்கும் உப்புநீரால் துடைக்க வேண்டும். வெண்மையாகக் கசிந்து காய்ந்துபோகும் நீரைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

பயந்தது நான். நான்காம் நாள் இரவு, அவள் உறங்கும்போது, என் தாயார் எனக்குச் செய்த முறைப்படி மஞ்சளையும் நல்லெண்ணெயையும் குழைத்துக் காயத்தில் தடவினேன். காலையில் உதடு சிவந்து கனன்றது. மாலையில் சீழும் காய்ச்சலும். காதுமடல் வேறு, எச்சிலில் நனைந்து கிடக்கும் உதடு வேறு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, நகையைக் கழற்ற வேண்டாம் என்றார். கழற்றினால் வாய் மூடிச் சீழ் உள்ளேயே தங்கிவிடக்கூடும். மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

அந்த இரண்டு நாட்களில் என் மாமியார் ஒன்று சொன்னார். ஏழு வயதில் நான்கு பேர் பிடித்துக்கொள்ள, அவருக்கு மூக்கின் இருபுறமும் குத்தினார்களாம். “என்னை யார் கேட்டார்கள்? இவளாவது தானே நடந்துபோய்க் குத்திக்கொண்டாள்” என்றார். நாற்பது ஆண்டு அந்த மூக்குத்திகளைப் பார்த்தும் எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம், வீக்கம் வடிந்ததும், நீளத் தண்டை மாற்றிச் சிறியது போட்டார்கள். இதை ஒத்திப் போடலாகாது. நீளத் தண்டு பல்லில் ‘டக் டக்’ என்று இடிக்கும் சத்தத்தை நான் சமையலறையிலிருந்தே கேட்டிருக்கிறேன். அது பல்லைச் சிதைக்கும், ஈற்றைத் தேய்க்கும். தேய்ந்த ஈறு தானாக வளராது என்று பல் டாக்டர் எச்சரித்தார். புண் முழுவதும் ஆற மூன்று மாதம் ஆயிற்று. இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டி வருகிறாள்.

வருகிற தை மாதம் கல்லிடைக்குறிச்சியில் என் தங்கை குழந்தைக்குக் காது குத்து. பத்திரிகை வந்ததும் மகள் கேட்ட முதல் கேள்வி, “ஆசாரி கம்பியை எதில் சுத்தம் செய்வார்?” என்பதுதான். தங்கைக்கு இன்றிரவு போன் செய்து கேட்க வேண்டும்.