காரியதரிசியின் கூந்தல்

முப்பது வயது மங்கை. ஐந்தாண்டுகள் இரவுப் பள்ளியிலே பயின்று, சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றவள். நாளிதழ்களைத் துருவித் துருவிப் படித்து வாணிபத்தின் நெளிவு சுளிவுகளை அறிந்தவள். இருந்தும் என்ன? காப்பி கொண்டு வா என்பதுதான் அவளுக்குக் கிடைத்த கட்டளை!

1988-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக் நிக்கல்ஸ் இயக்கிய 'வொர்க்கிங் கேர்ள்' படத்தின் நாயகி டெஸ் மெக்கில் அவள். ஸ்டாட்டன் தீவிலிருந்து நாள்தோறும் படகேறி, பணம் புரளும் மன்ஹாட்டனுக்குக் காரியதரிசி வேலைக்கு வருகிறாள். ஹார்வார்டிலே படித்தோர் ஏறும் ஏணியிலே தனக்கும் ஒரு படி கேட்கிறாள். இரவிலே படித்த படிப்பு படிப்பாகாதாம்! காதல் படந்தான், களிப்பூட்டும் படந்தான். அதற்காகத் தோழர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம்.

தொலைக்காட்சி நிலையம் தேடும் கோடீஸ்வரர் டிராஸ்க், வானொலி நிலையங்களை வாங்கலாமே என்று அவளுக்கு ஒரு யோசனை பிறக்கிறது. தலைவி காதரினிடம் சொல்கிறாள். தலைவியோ அதனைத் தனதாக்கிக்கொள்ளத் திட்டமிடுகிறாள். பனிச்சறுக்கிலே தலைவிக்குக் கால் ஒடிய, களவு வெளிப்படுகிறது. அதன் பிறகு டெஸ் செய்வதைக் கவனியுங்கள். தலைவியின் அறையிலே அமர்கிறாள். தலைவியின் ஆடையை அணிகிறாள். ஒலிநாடாவிலே பதிந்த தலைவியின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தன் நாவைத் திருத்துகிறாள். புடைத்து விரிந்த கூந்தலையும் வெட்டிக் குறைக்கிறாள். அறிவு, நேற்றிருந்த அதே அறிவு. யோசனையும் அதுவே. ஆயினும் கதவு இன்றுதான் திறக்கிறது! இக்காட்சிகளிலே அரங்கு நகைக்கும். நமக்கோ நெஞ்சு நெருடிற்று. உச்சரிப்பைக் கேட்டு ஊரை அளந்து, ஊரைக்கொண்டு ஆளை அளக்கும் வித்தை எந்தச் சீமையில்தான் இல்லை?

நமக்கு ஒவ்வாததும் இப்படத்தில் உண்டு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, காமுகன் ஒருவன் காரிலே அவளை ஏற்றிவிடுகிறான் பழைய மேலாளன். அவனுக்குத் தண்டனை? அலுவலகச் செய்திப் பலகையிலே ஓடும் ஒரு வசைவரி! அத்தோடு சரி, ஆள் கதையைவிட்டே மறைகிறான். காதரினுக்கு மட்டும் எல்லோர் முன்னும் இழிவு, வேலை நீக்கம். "பெண்ணேயானாலும் பதவி ஏறினால் பதவியின் புத்திதான் வரும், அதைக் காட்டியது பிழையா?" என்று நம்முடன் படம் பார்த்த தோழர் வாதிட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் புத்தியைப் பழக்கியவர்கள் படம் முடியும்போதும் நாற்காலியிலேயே இருக்கிறார்களே! யோசனை யாருடையது என்று தீர்ப்பளிப்பவரும் கோடீஸ்வரர்தானே!

அந்தத் தீர்ப்புக் காட்சியை மட்டும் நாம் மறவோம். இந்த எண்ணம் எப்படி உதித்தது என்று டிராஸ்க் கேட்கிறார். காதரின் விழிக்கிறாள். டெஸ், கத்தரித்து வைத்த நாளிதழ்த் துண்டுகளைக் காட்டி, எந்தச் செய்தியைப் படித்தபோது எது நினைவுக்கு வந்தது என்று படிப்படியாக விளக்கியிருக்கிறாள். பரம்பரையா, பல்கலைக் கழகமா, எதுவும் அங்கே சாட்சிக்கு வரவில்லை.

புது வேலையின் முதல் நாள், அறைக்கு வெளியே உள்ள மேசைதான் தனக்கென்று அமர்கிறாள் டெஸ். உள்ளே இருக்கும் பெண்தான் தன் தலைவியென்று நினைக்கிறாள். அவளோ காரியதரிசி! நீ உனக்காகக் காப்பி எடுக்கும்போதன்றி எனக்காக எடுத்து வர வேண்டாம் என்கிறாள் டெஸ். பிறகு கேமரா பின்வாங்குகிறது. அவளுடைய சாளரம் சிறுத்துச் சிறுத்து, அக்கட்டடத்தின் எண்ணற்ற சாளரங்களுள் ஒன்றாகிறது. மற்ற அறைகளிலே காப்பி கொண்டு வருவது யாரென்று படம் காட்டவில்லை.