அம்மாவின் பயத்தங்காயும் 22 குரோமோசோம்களும்

ஸ்ரீவராகத்து வீட்டில் அதற்குப் பெயர் பயத்தங்காய். அடுத்த வீட்டு மலையாளிச் சேச்சிக்கு வெறும் பயர். கனடாவில் யாழ்ப்பாணத்துக்காரர் கடைகளில் பயற்றங்காய். முழ நீளத்துக்கு மேல் கட்டுக் கட்டாகக் கிடக்குமே, அதேதான். பயிர் மரபியல் ஆய்வகத்தில் எனக்குச் சோறு போடும் தொழில் இதுதான் என்பதால், இன்றைக்கு அதன் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

முளைவிட்ட விதையின் வேர் நுனியை நறுக்கி, கால்ச்சிசினில் ஊறவைத்து, ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் போட்டு, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டிக் குட்டியாய் 22 குரோமோசோம்கள். ஓலனில் போடும் வன்பயறுக்கும் 22, காராமணிக்கும் 22. மூன்றும் ஒரே இனம்தானே! ஆனால் ஆப்பிரிக்காவில் தானாக முளைக்கும் காட்டுப் பயறுக்கும் அதே 22தான் என்பதுதான் விசேஷம்.

கோதுமை, கரும்பு கதை வேறு. காட்டுப்புல்லோடு கலந்து எண்ணிக்கை பெருகியவை அவை. ரொட்டிக் கோதுமைக்கு 42. இன்றைய கரும்புக்கு நூறுக்கு மேல். இந்தக் கணக்குகளையெல்லாம் தொகுத்தவர்களில் ஒருவர் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். 1932 முதல் 1934 வரை நம்ம திருவனந்தபுரத்தில், மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். பிறகு கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி. 1945இல் டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார்.

சரி, பயறில் எண்ணிக்கை மாறவில்லை என்றால் எது மாறியது? காட்டுப் பயறின் காய், காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும். வீட்டுப் பயறு நாம் பறிக்கும்வரை காத்திருக்கும். விதையும் பெருத்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. பச்சைக் காய்க்காக நீண்டது ஆசியாவில்தான். இதன் அறிவியல் பெயரில் வரும் 'செஸ்குவிபெடாலிஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஒன்றரை அடி என்று அர்த்தம்!

நீட்டியது யார்? எங்கள் அம்மாவைப் போன்றவர்கள்தான். நன்றாக நீண்ட காயில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, "அது விதைக்கு, தொடாதே" என்பாள். வருஷா வருஷம் அந்தத் துணி எந்தக் காயில் ஏறியதோ, அந்தக் காய்தான் அடுத்த தலைமுறை.

போன வருஷம் ஸ்ரீவராகம் வீட்டை விற்றோம். பந்தலும் போயிற்று. விதையை இங்கே கொண்டுவரச் சான்றிதழ், அனுமதி என்று விதிகள். பூச்சியும் நோயும் கூடவே வந்துவிடக் கூடாது என்பதால் அவற்றிலும் நியாயம் இருக்கிறது. தம்பி வீட்டுக்குப் போகும்முன் அம்மா ஒரு கைப்பிடி விதையைச் சேச்சியிடம் கொடுத்தாள்.

நைஜீரியாவில் இபாதான் விதை வங்கியில் 15,000க்கும் மேற்பட்ட காராமணி மாதிரிகள் பத்திரமாக இருக்கின்றன. அம்மாவின் பயறு எந்தப் பட்டியலிலும் இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அதுவும் 22. கடைப் பயறிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. அது அழிந்தாலும் அட்லஸில் ஒரு எண்கூட மாறாது. சில வருஷம் யாரும் விதைக்காவிட்டால், அவ்வளவுதான், போச்சு.

சேச்சி வீட்டில் கொடி ஏறிவிட்டதாம்; ஒரு காயில் துணியும் கட்டியாச்சாம். அம்மா போனில் சொன்னாள்.

உங்கள் அம்மாவோ அத்தையோ டப்பாவில் ஏதாவது விதை வைத்திருக்கிறார்களா? அடுத்த முறை பேசும்போது, சாப்பாடு ஆச்சா என்று கேட்டபிறகு இதையும் கேளுங்கள்: "இந்த வருஷம் விதைச்சாச்சா? பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி கொடுத்தாச்சா?"