கலப்பு மெட்டு

கலப்பு என்ற சொல்லை நம் விமர்சகர்கள் பால்காரனைப் பற்றிப் பேசும் தொனியிலேயே பயன்படுத்திவருகிறார்கள். இசை என்று வந்துவிட்டால் இந்தத் தொனி இன்னும் கடுமையாகிறது. சாஸ்திரீய சங்கீதம் ஒரு பக்கம், நாட்டுப்புறப் பாடல் மறுபக்கம். இரண்டுக்கும் தனித்தனியே ஒரு தூய்மை கற்பிக்கப்பட்டிருக்கிறது. இடையில் கிடக்கும் சரக்கு, அதாவது பாப் பாட்டு, பைலா, ஒரு பாட்டின் குரலை வேறொரு பாட்டின் வாத்தியத்தின் மேல் ஏற்றிய 'மாஷ்அப்', எல்லாம் சந்தைக்கு உரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. நான் பதினைந்து வருஷங்களாக இந்தச் சரக்கைத்தான் தேடிக் கேட்டுவருகிறேன். இலக்கிய நண்பர்களிடம் சொன்னால் ஒரு சிரிப்பு வரும். பாங்கில் வேலை பார்ப்பவனுக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா என்ற பாவனையில் அமைந்த சிரிப்பு அது. என் ஈடுபாட்டுக்குப் பின்னால் ரஸனை சார்ந்த நியாயம் ஏதும் உண்டா, அல்லது வெறும் பழக்கம்தானா என்பதை யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்காரனுக்கு இந்தப் பழக்கம் சுலபமாக வந்துவிடும். அப்பாவின் தலைமுறை இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தது. சென்னையைவிடக் கொழும்பு எங்கள் வீட்டு ரேடியோவில் தெளிவாகக் கேட்கும் என்பார் அப்பா. சித்தப்பா கொழும்புக்குப் போகும் தோணிகளில் வேலை பார்த்தவர். வெங்காயமும் மிளகாய்வற்றலும் ஏற்றிப் போய்த் திரும்பும்போது அவர் கொண்டுவந்த காஸெட்டுகளில் ஏ. ஈ. மனோகரனின் பாட்டுகள் இருந்தன. சிலோன் மனோகர் என்று தமிழ்நாடு அறிந்த அவருடைய 'சுராங்கனி' இங்கே எல்லோருக்கும் தெரியும். 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவும் அதை எடுத்துக்கொண்டார். பல்லவி சிங்களம், சரணம் தமிழ்.

அந்தப் பல்லவியில் திரும்பத் திரும்ப வரும் 'மாலு' என்ற சொல்லுக்கு மீன் என்று அர்த்தம். சித்தப்பா சொல்லித்தான் எங்கள் தெருவுக்கே தெரியும். சுராங்கனி என்ற பெண்ணுக்கு ஒருவன் மீன் கொண்டுவந்திருக்கிறான், அவ்வளவுதான் சமாச்சாரம். காலையில் கூடைமீன் விற்கும் தெருவில், மீனைப் பற்றியது என்று தெரியாமலே பல வருஷம் பாடப்பட்ட பாட்டு அது. அர்த்தம் தெரியாதவரை அந்தச் சொல் வெறும் தாளக்கட்டாக நின்றது. தெரிந்த பிறகு தாளம் குறையவில்லை. அதற்குள் ஒரு சந்தை இரைச்சலும் கேலியும் புதிதாகக் கேட்க ஆரம்பித்தன. ஒரே சொல் ஒரு மொழியில் அர்த்தமாகவும் இன்னொரு மொழியில் ஓசையாகவும் வேலை செய்கிறது. தூய்மையான பாட்டு எதிலும் கிடைக்காத அனுபவம் இது என்று எனக்குப் பட்டது.

பைலாவின் பூர்வோத்திரத்தைப் பார்த்தால் இந்தக் கலப்பு இன்னும் ஆழமாகப் போகிறது. பெயரே ஆடுவதைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துகீசியர் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் ஆட்டப்பாட்டுகள் அதற்கு அடியில் இருக்கின்றன. ஆறுக்கு எட்டு என்று சொல்லப்படும் அந்த நடை அங்கிருந்து வந்தது. 1940களில் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் அதற்குச் சிங்கள வார்த்தைகள் போட்டுப் பிரபலமாக்கினார். பிறகு நித்தி கனகரத்தினமும் மனோகரனும் கிதாரோடு ஈழத்துப் பேச்சுத் தமிழை அதில் இறக்கினார்கள். அங்கே இதைப் 'பொப்' என்று எழுதுவார்கள். ஆக, ஒரு மீன்பாட்டுக்குள் மூன்று கண்டங்கள் இருக்கின்றன.

இதே போர்த்துகீசியர்தான் 1530களில் எங்கள் கரைக்கும் வந்தார்கள். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். 1658இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. பெர்னாண்டோ, கோமஸ், ரொட்ரிகோ என்ற பெயர்கள் நின்றுவிட்டன. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று தமிழ்நாடு முழுவதுமே வீட்டுக்குள் வைத்துக்கொண்ட சொற்களும் அவர்களுடையவைதாம். இவற்றை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) இலங்கையில் இருந்துகொண்டு தமிழில் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை இந்தக் கரைக் கோயில்களில் தவக்காலத்தில் பாடக் கேட்டிருக்கிறேன். ஒப்பாரிக்கும் ஜெபத்துக்கும் நடுவில் நிற்கிற ராகம். எத்தனை ஊர்கள், எத்தனை மொழிகள் அதற்குள் இருக்கின்றன என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. காலம் கடந்துவிட்டால் கலப்புக்கு மரபு என்று பெயர் வந்துவிடுகிறது.

சாஸ்திரீய சங்கீதத்தின் தூய்மையை நம்புகிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தையே பதிலாகச் சொல்லலாம். 1835இல் முத்துஸ்வாமி தீக்ஷிதர் காலமானது அங்கேதான். சமாதியும் அங்கே இருக்கிறது. இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, செயிண்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியாரின் பாண்டு வாசிப்பதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். ஏறக்குறைய 40 பாடல்கள். நோட்டுஸ்வரம் என்று பெயர். அவருடைய தம்பி பாலுஸ்வாமிதான் பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வர். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். நோட்டுஸ்வரங்களில் 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்தின் ராஜவாழ்த்து மெட்டில் அமைந்தது. அரசனைக் காக்கும்படி தேவனைக் கேட்ட மெட்டை எடுத்து, தன்னைக் காக்கும்படி சங்கீத தேவதையைக் கேட்டிருக்கிறார். மெட்டு அப்படியே நிற்கிறது. ராஜா மட்டும் வெளியே போய்விடுகிறார். இதைச் சொன்னபோது சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர், "அதெல்லாம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல ஏற்பட்டது, தீக்ஷிதரை அதை வைத்தா எடைபோடுவீர்கள்?" என்றார். எடைபோடவில்லை. கீர்த்தனங்களுக்குப் பக்கத்தில் இவற்றையும் செய்யத் தோன்றிய மனசு எப்படிப்பட்டது என்றுதான் கேட்கிறேன்.

குழந்தைகளுக்குப் பாடம் என்பதும் லேசான விஷயமல்ல. என் மகள் பள்ளிக்கூடத்தில் நட்சத்திரத்தைப் பற்றிய இங்கிலீஷ் பாட்டு கற்றாள். அடுத்த வருஷம் பாட்டு வகுப்பில் 'சியாமளே மீனாக்ஷி' வந்தது. இரண்டாம் நாளே, "ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, ஒன்றின் வார்த்தையில் பாதி, மற்றதின் வார்த்தையில் பாதி என்று பாடிக்கொண்டு திரிந்தாள். தூய்மை பற்றிய எச்சரிக்கையை அவளுக்கு இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள். இந்துஸ்தானி மெட்டு, பார்ஸி மெட்டு, முந்திய நாடகத்தின் பிரபலமான பாட்டு ஒன்றின் மெட்டு. வர்ணமெட்டு என்று ஒரு சொல்லே இருந்தது. கடன் வாங்கியதை மறைக்காமல் கணக்கில் எழுதிய காலம் அது. கேட்பவனும் பழைய பாட்டை மனசில் வைத்துக்கொண்டுதான் புதியதைக் கேட்டான். இன்றைய மாஷ்அப்காரன் யந்திரத்தில் செய்வதை அந்த ரஸிகன் தலைக்குள்ளேயே செய்துகொண்டிருந்தான் என்று சொல்லலாம்.

நம் வட்டாரத்தில் எலியட்டை ஏற்காதவர் குறைவு. லாயிட்ஸ் பாங்கில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே அவர் எழுதிய 'வேஸ்ட் லேண்ட்' (1922) பல மொழிகளின் துண்டுகளால் ஆனது. அதில் 1912இன் ராக்டைம் பாட்டு ஒன்றுகூட ஷேக்ஸ்பியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைக் கவிதையில் நவீன பிரக்ஞை என்கிறோம். பாட்டில் அதே காரியம் நடந்தால் ரஸனைக் கேடு என்கிறோம். காகிதத்தில் கண் ஏற்பதைக் காது ஏன் ஏற்கக்கூடாது? மியூசிக் ஹால் பாடகி மேரி லாயிட் இறந்தபோது எலியட் சிரத்தையோடு ஒரு கட்டுரை எழுதினார் என்பதை நம் எலியட் பக்தர்கள் ஏனோ சொல்வதே இல்லை.

இதனால் எல்லாக் கலப்பும் நல்லது என்று ஆகிவிடாது. பனிமய மாதா திருவிழாவின்போது, ஆகஸ்ட் 5ஐ ஒட்டிய நாட்களில், கோயில் ஒலிபெருக்கியில் மாதா பாட்டும் கடைத்தெருவில் சினிமாப் பாட்டும் ஒரே சமயத்தில் வந்து மோதுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே நின்று கேட்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் அது தற்செயல். அமெரிக்க இசைக்கலைஞர் சார்ல்ஸ் ஐவ்ஸின் தகப்பனார் இரண்டு பாண்டு கோஷ்டிகளை எதிரெதிரே நடக்கவிட்டு வாசிக்கச் சொன்னதாகச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் தொழிலில் இருந்துகொண்டு இசை எழுதிய மகன் அந்த மோதலைத் தன் படைப்புக்குள் கொண்டுவந்தார். தற்செயலாக மோதுவதும், மோதவேண்டியது எது எதோடு என்று ஒருவன் தேர்ந்தெடுப்பதும் வெவ்வேறு. சிருஷ்டி இரண்டாவதில்தான் இருக்கிறது.

எனக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கலந்த பாட்டைக் கேட்ட பிறகு மூலப் பாட்டுக்குத் திரும்பிப் போவேன். அது முன்பு கேட்டதுபோலவே இருந்தால், நடந்தது வெறும் ஒட்டுவேலை. அதில் முன்பு கேட்காதது ஏதாவது இப்போது கேட்டால், கலந்தவன் ஒரு விமர்சகனின் காரியத்தைச் செய்திருக்கிறான். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக லண்டன் திரும்பியவர். அவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' (2007), தி கிளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982) பாட்டிலிருந்து எடுத்த இசையின் மேல் நிற்கிறது. மூலப் பாட்டு வேண்டாதவர்களாக்கப்பட்ட குடியேறிகளைப் பற்றி, ஒரு வெள்ளைக்காரர் இரக்கத்தோடு பாடியது. அதன் மேல் அந்தக் குடியேறியே ஏறி நின்று, தன்னைப் பற்றிய பயங்களையெல்லாம் கேலியாகப் பாடுகிறார். இடையில் துப்பாக்கி வெடிக்கிறது, கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை கேட்கிறது. பகலெல்லாம் நோட்டு எண்ணும் யந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் கல்லாப்பெட்டிச் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே சுடும். இதைக் கேட்டுவிட்டு மூலப் பாட்டுக்குப் போனால், அந்த இரக்கத்தில் இருக்கும் தூரம் தெரிகிறது.

டேஞ்சர் மௌஸ் 2004இல் செய்த 'கிரே ஆல்பம்' இவ்வளவு தேறவில்லை என்பது என் கணிப்பு. ஜே-ஸீயின் 'பிளாக் ஆல்ப'த்தின் குரலை 1968இல் வெளிவந்த பீட்டில்ஸின் வெள்ளை இசைத்தட்டின் மேல் ஏற்றியது அது. ஈஎம்ஐ கம்பெனி தடுத்ததால் பெரும் புகழ் பெற்றது. கெட்டிக்காரத்தனம் நிறைய. ஆனால் பீட்டில்ஸ் பல இடங்களில் கொத்துக்கறியாகி வெறும் தாளமாகிவிடுகிறார்கள். ஒன்று மற்றதை விழுங்கிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. நம் ஊரில் கல்யாண வீடுகளில் ஓடும் கலவைகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குக்கூட வருவதில்லை. வேகம் ஒத்துவந்தது என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பாட்டுகளைக் கட்டிவைத்திருப்பார்கள். சுருதியையும் வேகத்தையும் ஒத்துப்போக வைப்பதை இன்று யந்திரமே க்ஷணத்தில் செய்துவிடுகிறது. எதை எதோடு என்ற தேர்வு மட்டும் இன்னும் மனுஷனிடம் இருக்கிறது. தரம் அங்கேதான் நிர்ணயமாகிறது.

சுராங்கனியை இந்தச் சோதனைக்கு உட்படுத்தும்போது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. 1983 ஜூலைக்குப் பிறகு சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை யாரும் சாதாரணமாகக் கேட்க முடியாது. மனோகரன் 2018இல் சென்னையில் காலமானார். அந்தப் பாட்டு எந்த ஒற்றுமையையும் உபதேசிக்கவில்லை. மீனைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனாலும் ஒரு தமிழன் பக்கத்து மொழியைக் கேட்டு, ரஸித்து, வாயில் போட்டுக்கொண்டதற்கான தடயம் அதில் இருக்கிறது. தூய்மையை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொள்ளும் விமர்சனத்துக்கு இந்தத் தடயம் கண்ணில் படாது. இழப்பு அந்த விமர்சனத்துக்குத்தான்.

இந்தப் பாட்டுகளைப் பற்றித் தமிழில் ரசிகர் மடல்களும் நினைவஞ்சலிகளும் வருகின்றன. விமர்சனம் வருவதில்லை. நல்ல கலப்பு எது, மோசமான கலப்பு எது என்று பாட்டுப் பாட்டாக எடுத்துவைத்துப் பேச வேண்டும். கவிதைக்கு நாம் செய்துவரும் காரியம்தான் இது. சிறுபத்திரிகைகள் செய்யாவிட்டால் இதை வேறு யாரும் செய்யப்போவதில்லை.