மூணு பவுன் என்று நினைத்த கடிகாரம்

வாட்ச் ரிப்பேர் செய்யும் பாயின் மேசையில் கீழ் டிராயரை இழுத்தால் உடம்பில்லாத கடிகாரங்கள். டயல் இருக்கிறது, முள் இருக்கிறது, சாவி கொடுத்தால் சில ஓடவும் செய்கின்றன. சுற்றியிருந்த கேஸ் மட்டும் காணோம். "எல்லாம் தங்க வாட்ச் சார். தங்கம் அடுப்புக்குப் போச்சு, மிஷின் எங்கிட்ட வந்துருச்சு" என்றார். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் இந்த டிராயரில் கொஞ்சம் சேருமாம். உருக்குகிறவருக்கு மிஷினால் பயனில்லை. தூக்கிப் போட மனம் வராத பத்தர்கள் பாயிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

வானகரம்–அம்பத்தூர் சாலையிலிருந்து அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் திரும்பும் தெருவொன்றில், வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. முன்பு அம்பத்தூரில் கடை வைத்திருந்தவர். தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் எச்.எம்.டி.யைக் கழற்றி நீட்டிய காலம் அது. இப்போது பேட்டரி மாற்றுகிற வேலையை எடுப்பதில்லை. சாவி கொடுக்கிற வாட்ச் மட்டும்தான்.

நான் போனது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சருக்குத் துணையாக. அவருடைய அப்பா பினாங்கில் வேலை பார்த்தபோது வாங்கிய தங்க ஒமேகா. அப்பா போன பிறகு சொத்தெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி. தான் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் இருக்கும் தம்பிக்குப் பாதி விலையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். எந்த விலையில் பாதி என்பதுதான் சிக்கல். தம்பி சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, "23 கிராம், கிட்டத்தட்ட மூணு பவுன்" என்று முன்பே சொல்லியிருந்தார்.

"மூணு பவுனா?" பாய் சிரிக்கவில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, பின்மூடியின் விளிம்பில் கத்தி நுனியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். மூடி 'டக்'கென்று வந்தது. உள்பக்கம் கம்பெனி பெயர், 18 காரட், 0.750 என்ற எழுத்துகள், அவற்றுக்கு அருகே எள்ளளவில் ஒரு பெண் தலை. சுவிட்சர்லாந்தில் 18 காரட் கேஸுக்கு அரசுச் சோதனைக்கூடம் அடித்த ஹெல்வெஷியா முத்திரை அது. 14 காரட்டாக இருந்தால் அந்த இடத்தில் அணில் இருக்கும். 1995-இலிருந்து இரண்டையும் விட்டுவிட்டு நாய்த் தலைக்கு மாறிவிட்டார்கள். முத்திரைகளைச் சுற்றி ஊசியால் கீறிய கிறுக்கல்கள் வேறு. சர்வீஸ் செய்த ஒவ்வொரு ரிப்பேர்காரரும் போட்டு வைத்த தேதியும் குறியும். பாய் அதை ஜாதகம் படிப்பதுபோல் படித்தார். "நாலு கை பட்டிருக்கு. நல்ல கைதான்."

மிஷின் செம்பு நிறத்தில் மின்னியது. ஒமேகா 1939 முதல் 1963 வரை செய்த 30 மில்லிமீட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. பொறித்திருந்த எண் 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சம், அதாவது 1950-களின் நடுப்பகுதி. மிஷினையும் டயலையும் எடுத்து வைத்து, கண்ணாடியைக் கழற்றி, பட்டையைப் பிடிக்கும் இரும்புக் கம்பிகளையும் உருவிவிட்டு, மிச்சத்தைச் சின்ன டிஜிட்டல் தராசில் போட்டார். 9.6 கிராம்.

டீச்சர் முகம் மாறியதைப் பார்த்து பாயே கணக்கையும் சொன்னார். 9.6 கிராமில் முக்கால் பங்கு சுத்தத் தங்கம்: 7.2 கிராம். நம் நகைக் கணக்கில் 22 காரட்டாக மாற்றினால் ஒரு பவுனுக்கு இம்மி குறைவு. மூணு பவுன் என்று ஒரு குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது இரும்பு, பித்தளை, கண்ணாடி எல்லாம் சேர்ந்த எடை.

பவுன் கணக்கில் பழகிய நமக்கு 18 காரட் என்றாலே கொஞ்சம் இளக்காரம்தான். ஆனால் 22 காரட் மிருதுவானது. அதில் கேஸ் செய்தால் பட்டை மாட்டும் காதுகள் வளையும், மூடி பிடிப்பு விடும். பிரிட்டனில் விற்ற ஒமேகாக்களுக்கு பர்மிங்ஹாமின் டென்னிசன் கம்பெனி 9 காரட்டிலேயே கேஸ் செய்தது. அதிலும் தங்கம் என்றுதான் முத்திரை. இங்கே 9 காரட் ஹால்மார்க் பட்டியலில் சேர்ந்ததே 2025 ஜூலையில்தான். தாத்தா வாட்ச் தங்கமா என்று கேட்பதைவிட எத்தனை காரட் என்று கேட்பதே உபயோகம்.

முத்திரையை மட்டும் நம்பலாமா என்று நான் கேட்டேன். "நம்பலாம். ஆனா பத்தர் நம்ப மாட்டார்" என்றார் பாய். சரி, பத்தரிடமும் போவோம் என்று கேஸை மட்டும் எடுத்துக்கொண்டு திருவேற்காட்டுக்குப் போனோம்.

பத்தருக்கு எண்பதை ஒட்டிய வயது. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாயின் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றானபோது இவர் அப்பாவின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்த பையன். "அப்பதான் மட்டத் தங்கத்தோட குணமெல்லாம் தெரிஞ்சுது. கல்லு மாதிரி இருக்கும்" என்றார். கேஸை உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த மச்சக் கம்பியால் இன்னொரு கோடு இழுத்து, ஆசிட் ஒரு சொட்டு. முத்திரை சொன்னதையே கல்லும் சொன்னது. ஆனாலும் அவர் திருப்தியடையவில்லை. "மேல போர்வை கனமா இருந்தா கல்லு ஏமாறும்மா. உள்ள அரத்தால ஒரு கீறு கீறிப் பாத்துடட்டுமா?"

அவர் சந்தேகத்தில் அர்த்தம் இருக்கிறது. நாம் கவரிங் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதில் பல ரகம். 10 மைக்ரான், 20 மைக்ரான் முலாம் ஒரு பக்கம். எஃகின் மேல் தங்கத் தகட்டையே போர்த்திய ஒமேகாக்கள் இன்னொரு பக்கம். கடைகளில் டச் பார்க்கும் எக்ஸ்ரே மிஷின் தங்கத்தின் மேல் தோலைத்தான் படிக்கும். தகடு கனமாக இருந்தால் முழுத் தங்கம் என்றே சொல்லிவிடும். ஆனால் இங்கே மூடியின் உள்பக்கம் முத்திரை இருக்கிறது, கல்லும் ஒத்துப்போகிறது. அரம் போட்டால் சேகரிப்பவர் கண்ணில் அந்த வாட்ச் காயம்பட்டது. டீச்சர் வேண்டாம் என்றார். பத்தர் விடவில்லை: "அப்ப மெருகாவது போட்டுத் தரேன். புதுசாட்டம் ஆயிடும்." அதற்கும் வேண்டாம் என்று நான் குறுக்கே விழுந்தேன். மெருகு போட்டால் காதுகளின் கூர்மையான ஓரம் மழுங்கும், எள்ளளவு முத்திரை தேய்ந்து போகும், கூடவே விலையும். பத்தருக்கு இது விளங்கவே இல்லை. அழுக்காக இருந்தால் விலை அதிகம் என்கிற வியாபாரத்தை அவர் பார்த்ததில்லை.

எனக்கு அந்த வேடிக்கை பிடித்திருந்தது. ஒரே பொருளைப் பத்தர் 9.6 கிராமாகப் பார்க்கிறார், பாய் அதைத் தவிர மற்றதையெல்லாம் பார்க்கிறார். பத்தரின் விலைக்கு எப்போதும் ஆள் உண்டு. சுத்தத் தங்கம் 10 கிராம் ஒரு லட்சம் என்று வைத்தால் 72,000 ரூபாய், உருக்குச் சேதாரம் கழித்துக் கொடுப்பார். கேஸோடு திரும்பி வந்தபோது பாய் சொன்ன விலை ஒன்றேகால் லட்சம். ஆனால் அதைக் கொடுக்கிறவரைத் தேட வேண்டும்.

அந்த வித்தியாசம் எதில் நிற்கிறது? முதலில் டயல். மும்பையில் மறுபடி பெயின்ட் அடித்த பளபள டயல்கள் சந்தை முழுக்க இருக்கின்றன, தெரிந்தவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. டீச்சரின் டயல் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது, எழுத்து ஒன்றுகூட நெளியவில்லை. பாய்க்கு அதில்தான் சந்தோஷம். சாவித் திருகு பிற்காலத்தில் மாற்றியது, அதற்குக் கொஞ்சம் கழித்தார். சர்வீஸ் செலவுக்கும் கழித்தார். ஒமேகா என்ற பெயருக்கு மட்டும் தனியாக எதுவும் போடவில்லை. "பேருக்குத்தான் ஆளே வருவான். அது ஏற்கனவே விலைக்குள்ள இருக்கு."

பெயரில்லாத வாட்சின் கதி வேறு. பாயின் மேசையில் 'க்ரோனோகிராஃப் சுவிஸ்' என்று மட்டும் எழுதிய பெரிய தங்க வாட்ச் ஒன்று கிடந்தது. 1940, 50-களில் கம்பெனிப் பெயர் இல்லாமல் ஏராளமாக வந்த ரகம். பார்க்க ஒமேகாவைவிடப் பிரம்மாண்டம். கேஸோ முட்டை ஓடு கனத் தகடு, காதுகள் உள்ளே பொள்ளல். 18 காரட் முத்திரை உண்மை, எடைதான் கிடையாது. முன்பெல்லாம் இதை ஓடுகிற வாட்சாக வாங்கிக் கட்ட ஆள் இருந்தது. 2025 ஏப்ரலில் 10 கிராம் ஒரு லட்சத்தைத் தொட்ட பிறகு, அந்த ஆள் கொடுக்கும் பணத்தை அடுப்புக்காரர் தாண்டிவிட்டார். இதன் மிஷினும் டிராயருக்குத்தான் வரும் என்று பாய் முடிவே கட்டிவிட்டார். தங்கம் ஏற ஏறத் தங்க வாட்ச் குறையும் என்பதை நான் இங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

சட்டமும் தங்க வாட்சைத் தனியாகத்தான் வைத்தது. 2021 ஜூனில் தங்க நகைக்கு ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கியபோது கைக்கடிகாரத்துக்கும் பேனாவுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே பழைய வாட்சைக் கையில் வைத்திருப்பவருக்கு உள்மூடியின் முத்திரையும் நம்பகமான ஒரு பாயும்தான் சான்று.

தம்பிக்கு எந்த விலையில் பாதி? என் கட்சி இது: உருக்கு விலை என்றால் தம்பிக்கு நஷ்டம், ஏனென்றால் அக்கா உருக்கப் போவதில்லை. வெளிநாட்டுக் கடைகள் போட்டிருக்கும் விலை என்றால் அக்காவுக்கு நஷ்டம், அதில் கடைக்காரரின் லாபமும் உத்தரவாதமும் சேர்ந்திருக்கிறது. டீச்சர் இந்த மாதமே விற்கக் கிளம்பினால் நிஜமாகக் கைக்கு வரும் தொகை எதுவோ அதில் பாதி. பாயின் ஒன்றேகாலில் விற்றுத் தருபவரின் கமிஷனைக் கழித்தால் ஒன்று பத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

பார்த்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி டீச்சர் பாயிடம் கேட்டார். பாய் ஒரு தாளில் எண், காரட், கேஸ் எடை, டயல் நிலை, மாற்றிய சாமான் எல்லாம் எழுதினார். விலை எழுதும் இடத்தைக் காலியாக விட்டார். "எடை இன்னைக்கும் அதான், நாளைக்கும் அதான் டீச்சரம்மா. விலை தினம் மாறும். அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

டீச்சர் தம்பிக்கு அங்கிருந்தே போன் போட்டார். ஒரு பவுனுக்கும் குறைவு என்றதும் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என் முன்னாலேயே கழற்றி நிறுக்கச் சொல்லு" என்றார் தம்பி. நியாயமான கோரிக்கைதான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்றார் பாய். மறுபடி கழற்றி மாட்ட 300 ரூபாய் ஆகும், அதையும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.