ஈரல் நோயாளியின் இராப்போஜனம்

மதுவினால் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் எடையை நம்பி ஆகார அட்டவணை எழுதுவது எங்கள் தொழிலில் முதலாவதாகத் தவிர்க்க வேண்டிய காரியம். வயிற்றில் மகோதர நீரும் பாதங்களில் வீக்கமுமாக நிற்கும் ஒருவருக்கு இயந்திரம் 60 கிலோ என்று காட்டினால், அந்த அறுபதில் தேகம் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஆகையால் நான் நாடாவை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுமத்தியில் மேற்கையைச் சுற்றி அளந்து, அதன்பின் நெற்றிப்பொட்டுக் குழிந்திருக்கிறதா, காறை எலும்பு துருத்தியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக் கொல்லைகளில் மண்வெட்டி பிடித்து உரமேறிய புஜங்கள், தோல் தொளதொளத்து எலும்போடு ஒட்டிக் கிடப்பதை அந்த நாடா காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த க்ஷீணம் ஒருநாளில் வந்ததல்ல. காலையில் ஒரு டீ, உச்சிப்பொழுதில் மனமிருந்தால் இரண்டு வாய் சோறு, மாலையில் குவார்ட்டர் என்று வருஷக்கணக்கில் கழித்த ஜீவனத்தின் பலன் அது. 180 மில்லி குவார்ட்டரில் ஏறத்தாழ 400 கலோரி உண்டு. பசியை அடக்க அது போதும், மாம்சத்தைக் காக்கவோ அதில் அணுவளவும் புரதமில்லை.

இதன் மேல் வந்து சேருகிறது பத்தியம். கண் மஞ்சளித்தவுடன் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்து, எண்ணெய், முட்டை, பருப்பு யாவற்றையும் விலக்கி, மோர்ச்சோறும் கஞ்சியுமாகவே நாட்களை ஓட்டுகிறார்கள். "அவுகளுக்கு முட்டை குடுக்கலாமாம்மா? காமாலைக்கு ஆகாதுன்னு சொல்றாகளே" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் மனைவிமாரிடம் நான் கோபித்துக்கொள்வதில்லை, கணவன் பிழைக்கவேண்டுமென்றுதானே அந்த அம்மாள் பட்டினி போடுகிறாள்! வைத்திய சாஸ்திரமே வெகுகாலம் அவளோடு சேர்ந்துதான் நின்றது. ஈரல் கெட்டு அறிவு மயங்கினால் புரதத்தை நிறுத்து என்பது பல தலைமுறை வைத்தியர்கள் கற்ற பாடம். 2004-ல் பார்சிலோனா வைத்தியர்கள் அவ்வாறு மயங்கிய நோயாளிகளில் ஒரு சாராருக்குப் புரதத்தைக் குறைத்தும் மறுசாராருக்கு வழக்கம்போல் கொடுத்தும் பார்த்தார்கள். குறைத்தவர்களின் மயக்கம் சீக்கிரம் தெளியவில்லை, அவர்கள் உடம்பின் புரதம் கரைந்ததுதான் மிச்சம். இரத்தத்தில் சேரும் அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்குண்டு என்பதால், தசையைக் கரைப்பது நோய்க்கே துணைபோவதாகும். வீக்கம் கழித்து 50 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 75 கிராம் புரதமும் சுமார் 1,750 கலோரியும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் உண்டு என்பதை நினைத்தால் கஞ்சியின் கதி விளங்கும்.

எனினும், என்ன உண்கிறார் என்பதைக் காட்டிலும் எப்போது உண்கிறார் என்பதையே நான் அதிகம் விசாரிக்கிறேன். ஆரோக்கியமான ஈரல், இரவெல்லாம் செலவழிக்கப் போதுமான சர்க்கரையைத் தன்னுள் சேமித்து வைக்கும். தழும்பேறிச் சுருங்கிய ஈரலுக்கு அந்தச் சக்தி இல்லாமையால், இருக்கும் சர்க்கரை வெகு சீக்கிரம் தீர்ந்துபோய், விடியுமுன்னே உடம்பு தன் தசையையே எரிக்கத் தொடங்குகிறது. நம்மவர் இரண்டு மூன்று நாள் உபவாசமிருந்தால் அடையும் நிலையை இந்நோயாளி ஒரே இரவில் அடைந்துவிடுகிறார். ஆறு மணிக்கே சாப்பிட்டுவிட்டு மறுநாள் எட்டு மணிக்கு இட்லி தின்பவருக்கு, இடையில் கழிந்த பதினான்கு மணி நேரமும் நஷ்டக் கணக்குதான். நியூஸிலாந்தின் ஆக்லந்தில் ஒரே சத்துணவைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவிலும் ஒரு வருஷம் கொடுத்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள்: இரவில் உண்டவர்களுக்கு இரண்டு கிலோ அளவுக்குத் தசை முதலான மெய்த்திசு கூடியது, பகலில் உண்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

அதற்கென்று விற்கும் டப்பாச் சத்துணவுகளை வாங்க நம் ஜனங்களுக்கு வசதியில்லை, அவசியமுமில்லை. உளுந்துக்கென்றே பெயர்பெற்ற வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையம் நம் ஜில்லாவில்தான் இருக்கிறது. படுக்கப்போகும் சமயம் ஒரு கிண்ணம் உளுந்தங்களி, அல்லது அவித்த வேர்க்கடலை ஒரு கையும் பால் ஒரு தம்ளரும் போதும். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் கருப்பட்டியை மட்டும் தள்ளிவிடுகிறேன். கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் மகோதரக்காரர்கள் விடத்தான் வேண்டும். நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் ஆகாது. அதற்காக உப்பே இல்லாமல் சமைத்து அவர் தட்டைத் தள்ளிவிட்டால் லாபமில்லை. எலுமிச்சையும் மிளகும் அங்கே உதவும்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு முதல்நாளே வயிறு நிறையக் கொடுக்கலாகாது. இரத்தத்தின் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போட்டாயிற்றா என்று கேட்பதும் எங்கள் கடமை. குடியை நிறுத்தாதவருக்கு இவ்வளவும் ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதுதான். ஆயினும், மறுபடி குடிப்பாரென்று எண்ணி ஆகாரத்தை மறுப்பதை நான் ஒப்புவதில்லை.

வைத்திய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மாத்திரைகளை எழுதும் அதே சீட்டில், படுக்குமுன் உண்ணவேண்டியதையும் அதன் அளவையும் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். நாங்கள் வாயால் சொல்வதை வீட்டுப் பெரியவர்கள் தட்டிவிடுவார்கள். டாக்டர் சீட்டில் எழுதியதைத் தட்டமாட்டார்கள்.